அளவுத் தண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் வாலு அந்தப் பயணத்துக்கே கிளம்பினாள். எந்த இடத்தில், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதுதான் தெரியவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரி ஆலோசகர் அவளைத் தனியாக உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார். "நீங்க மாட்டேன்னு சொன்னா யாரும் கோபப்பட மாட்டாங்க, யாரும் குறை சொல்ல மாட்டாங்கன்னு வெச்சுக்குங்க. அப்பவும் கொடுப்பீங்களா?" வாலு எழுந்து வந்துவிட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் தன் வேனில் ஏறி உட்கார்ந்து, சாவியைக்கூடப் போடாமல் அழுதாள். போன அத்தியாயத்தில் அவளை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம்.

கொடுக்க வேண்டியது ஒரு சிறுநீரகம். அண்ணனுக்கு. ஊரில் பாதிப் பேர் மூக்கின் மேல் அவன் தன் கடையில் மாட்டிவிட்ட கண்ணாடிதான் இருக்கிறது. அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுப் போய், ஒன்றுவிட்டு ஒரு நாள் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறான். அண்ணியின் ரத்தம் சேரவில்லை. வாலுவின் ரத்தம் சேர்ந்தது. சேர்ந்தது என்று தெரிந்த அன்றே, வாலு வாயைத் திறப்பதற்கு முன்னால், அண்ணி சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, "எங்க வாலு கொடுக்கறா" என்று சொல்லிவிட்டாள். அப்புறம் அதை யாரும் ஒரு கேள்வியாகவே நினைக்கவில்லை.

ஆபரேஷன் அடுத்த வாரம். அதற்கு முன்னால் ஒரு நாள் மூன்று பேருமாக எங்கேயாவது போய்விட்டு வரலாம் என்று சொன்னதும் அண்ணிதான். மெஷின் இல்லாத நாளாகப் பார்த்து, ஏரிகளும் அருவிகளுமான அந்தப் பள்ளத்தாக்குப் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்தாள். படங்களில் அந்த ஏரிகள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, கண்ணைப் பறிக்கிற நீலத்தில் இருக்கும்.

இன்றைக்கு அந்த நீலத்தைக் காணோம். விடிவதற்கு முன்பே பிடித்த மழை. பள்ளத்தாக்கின் உள்ளே ஓடும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அண்ணன் சட்டைக் கையால் ஒரு வட்டம் துடைத்து வெளியே பார்த்தான்.

"விளம்பரத்துல இருந்த நீலம் எங்க போச்சு?"

"துவைச்சதுல சாயம் போயிருக்கும்," என்றாள் அண்ணி.

அண்ணன் சிரித்தான். சிரித்தால் இப்போதெல்லாம் அவன் கன்னம் மட்டும் அசைகிறது, கண்ணுக்குக் கீழே உள்ள வீக்கம் அசைவதில்லை. வாலு அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாலையை ஒட்டி ஏரி. ஏரி வழிந்து அருவி. அருவி விழுந்து இன்னொரு ஏரி. மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். அண்ணன் மடியில் ஒரு சின்ன பாட்டில். ஒரு நாளைக்கு அவன் குடிக்கக்கூடியது அவ்வளவுதான். காலைக்கு இவ்வளவு, மதியத்துக்கு இவ்வளவு என்று அண்ணி பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

"இந்த உலகத்துல இருக்கிற தண்ணியெல்லாம் இங்கதான் இருக்கு போல," என்றான் அவன். "எனக்கு மட்டும் இந்தக் கோடு வரைக்கும்."

"ஒரு வாரம் பொறுங்க," என்றாள் அண்ணி.

"ஆமா. அப்புறம் வாலு தயவுல குடம் குடமாக் குடிப்பேன்." தங்கையின் தலையில் லேசாகத் தட்டினான். முப்பது வயதைத் தாண்டியும் அவள் அவனுக்கு வாலுதான். சின்ன வயதில் அவன் பின்னாலேயே திரிந்ததால் வந்த பெயர். வாலு சிரித்து வைத்தாள்.

பெரிய அருவிக்கு இறங்கும் வழியில் பஸ் நின்றது. நிறுத்தத்தை ஒட்டி ஒரு உணவு விடுதி, அதற்கு அப்பால் அருவிக்குப் போகும் மரப் படிகள். மழைக்கோட்டு போட்ட கூட்டம் ஒருவர் முதுகை ஒருவர் உரசிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது.

நாலு படி இறங்கியதும் அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க. நான் உள்ள உக்காந்து கண்ணாடி போட்டவங்களை வேடிக்கை பாக்கறேன். அதோ அந்தச் சிவப்புக் கோட்டுக்காரர் பவர் மாத்தி வருஷக்கணக்கா ஆச்சு. படியைத் தடவித் தடவி இறங்கறார் பாரு."

"தனியா இருப்பீங்களா?"

"நான் என்ன கைக்குழந்தையா? போ."

அண்ணி அவனை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். பாட்டிலை அவன் முன்னால் வைத்து, கோட்டை ஒருமுறை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு வந்தாள்.

அருவிக்கு எதிரே ஒரு மரமேடை. மழை வெள்ளம் சேர்ந்து அருவி பழுப்பாக, பாறை முழுக்க அகலமாக விழுந்துகொண்டிருந்தது. சாரல் கீழேயிருந்து மேலே அடித்தது. ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டு ஓடி ஓடி வெளியேற, மேடையில் கொஞ்ச நேரத்தில் இவர்கள் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள்.

அண்ணி வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்து நாள் முழுக்கப் போனில் பேசுகிறவள். எதிரில் இருப்பவர் வலியில் கத்தினாலும் அவள் குரல் உயராது. அப்படிப்பட்டவள் இப்போது அருவிக்கு மேலாகக் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"உனக்கு நான் நன்றியே சொல்லல வாலு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

வாலு அருவியைப் பார்த்தாள்.

"ராத்திரி அவர் மூச்சு விடறதைக் கேட்டுக்கிட்டேதான் படுத்திருக்கேன். இப்ப நாலு நாளாத்தான் கொஞ்சம் தூங்கறேன். உன்னால."

"அண்ணி, என்னால முடியாது."

"என்ன? கேக்கல."

"என்னால முடியாது."

அண்ணி காதை அவள் வாயருகே கொண்டுவந்தாள். முகத்தில் இன்னும் அந்த நன்றிச் சிரிப்பு இருந்தது. வாலு அந்தக் காதுக்குள் மூன்றாம் முறையாகச் சொன்னாள்.

"நான் கொடுக்கல அண்ணி. எனக்கு முடியல."

அண்ணியின் கை உடனே விலகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு, சுமந்து வந்த பையை இறக்கி வைப்பது போல, வாலுவின் கையை மெதுவாகக் கைப்பிடிக் கம்பியின் மேல் வைத்துவிட்டு, திரும்பிப் படியேறத் தொடங்கினாள்.

பாதி வழியில் ஒதுங்கி நிற்க ஒரு கூரை இருந்தது. அங்கே அருவிச் சத்தம் அடங்கியிருந்தது. அண்ணி அதன் கீழே நின்றாள். வாலு வந்து சேர்ந்ததும் கேட்டாள்.

"உனக்கு உடம்புல ஏதாவது?"

"இல்ல."

"டாக்டர் ஏதாவது பயமுறுத்தினாரா?"

"இல்ல அண்ணி. எல்லாரும் நல்லாத்தான் சொன்னாங்க. ஒரு காரணமும் இல்ல. பயமா இருக்கு. அவ்வளவுதான். படுத்தா அந்த மேஜைதான் தெரியுது. வண்டி ஓட்டும்போது கை நடுங்குது. பின்னாடி பிள்ளைங்க உக்காந்திருக்கு."

"பயம் யாருக்கு இல்ல?"

"தெரியும்."

"உங்க அண்ணன் செத்துப் போயிடுவார், அது தெரியுமா?"

அண்ணி மழைக்கோட்டின் தலைப்பகுதியைப் பின்னுக்குத் தள்ளினாள். அவள் முன்மயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"என் ரத்தம் சேர்ந்திருந்தா உன்னைக் கேட்டிருக்கவே மாட்டேன்."

"நீங்க என்னைக் கேக்கல அண்ணி."

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று வாலுவுக்குத் தெரிந்தது. குத்திக்காட்ட வேண்டுமென்று அவள் சொல்லவில்லை. நடந்தது அதுதான். எல்லோருக்கும் போன் போட்ட அண்ணி, அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு அவர்கிட்ட சொல்லாதே," என்றாள் கடைசியில். "வீட்டுக்குப் போய்க்கலாம். இந்த ஒரு நாள் அவர் சந்தோஷமா இருக்கட்டும்."

அண்ணன் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

விடுதிக்குள் அவர்கள் நுழைந்தபோது அண்ணன் முன்னால் ஒரு பெரிய சூப் கிண்ணம் காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை, அதுவும் காலி. இன்னொரு குடுவையில் பாதி மிச்சம். பாட்டிலில் தண்ணீர், அண்ணி போட்ட கோட்டில் அப்படியே இருந்தது. அதை அவன் தொடவே இல்லை.

"திட்டாதே," என்றான் அண்ணியைப் பார்த்து. "எத்தனை மாசமாச்சு இப்படிக் குடிச்சு. சுத்தி இவ்வளவு தண்ணி. கேட்டுக்கிட்டே உக்காந்திருக்க முடியல. அடுத்த வாரம்தான் புது ஆளாயிடப் போறேனே. இன்னிக்கு ஒரு நாள்தான்."

எப்போதும் அவன் ஒரு வாய் கூடக் குடித்தால் ஓடிவந்து பிடுங்குகிற கை, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"என்ன, ரெண்டு பேரும் இடி விழுந்த மாதிரி நிக்கறீங்க? அருவி அவ்வளவு மோசமா?"

"நல்லா இருந்துச்சு," என்றாள் வாலு.

"எப்படி இருந்துச்சு, சொல்லு."

"பெருசா. சத்தமா."

"இதைச் சொல்லவா உன்னை அனுப்பினேன்?" என்று அவன் மிச்சக் குடுவையை எடுத்தான். அண்ணி அதை வாங்கி அடுத்த மேஜையில் வைத்தாள். கோபமே இல்லாமல் வைத்தாள். அண்ணன் புருவத்தைத் தூக்கி வாலுவைப் பார்த்தான். அவள் மழைக்கோட்டைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டாள்.

திரும்பும் பஸ் வரவில்லை. கூட்டம் நிறுத்தத்திலிருந்து விடுதிக்குள் வர ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பூங்காக் காவலர் ஒருவர் வந்து, நுழைவாயிலுக்குப் போகும் சாலையில் மலைச்சரிவு மொத்தமாக இறங்கிவிட்டது என்றார். மண்ணை அள்ளி வழி செய்ய நாளை மதியம் ஆகும். எல்லோரும் இன்றிரவு இங்கேயே தங்கிக்கொள்ளலாம், மேல் மாடியில் அறைகள் இருக்கின்றன.

அண்ணி எழுந்து அவரிடம் போனாள். "நாளைக்குக் காலையில என் வீட்டுக்காரர் மெஷின்ல இருந்தாகணும்."

"என்ன மெஷின்மா?"

அவள் சொன்னாள். அவர் முகம் மாறியது.

"ஒரு நாள் தள்ளிப் போட முடியாதா?"

அண்ணி திரும்பி மேஜையைப் பார்த்தாள். அந்தக் காலிக் குடுவையையும் கிண்ணத்தையும் பார்த்தாள். "முடியாது," என்றாள்.

பிற்பகல் முழுக்க மழை விடவில்லை. அண்ணன் முதலில் ஜோக்கடித்துக்கொண்டிருந்தான். பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டான். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியாமல், மேஜையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு முன்னால் குனிந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. குடித்ததெல்லாம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. வாலுவுக்கு அது தெரியும். அண்ணிக்கு அவளைவிட நன்றாகத் தெரியும்.

"படுத்துக்கறீங்களா?"

"படுத்தா... அடைக்குது."

வாலு அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவன் முதுகைத் தடவினாள். சட்டைக்கு மேலேயே அந்த உடம்பின் ஈரம் தெரிந்தது. 'அடுத்த வாரம் புது ஆள்' என்று நம்பித்தானே குடித்தான். நேற்றே சொல்லியிருந்தால் குடித்திருக்க மாட்டான். போன வாரம் சொல்லியிருந்தால் இங்கே வந்திருக்கவே மாட்டோம்.

காவலர் ஓடிவந்தார். "ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு சாலை இருக்கு. அதுல ஆம்புலன்ஸ் வரும். டவுன் ஆஸ்பத்திரியில உங்க மெஷின் இருக்குன்னு கேட்டுட்டேன். படகுலதான் கொண்டுபோகணும்."

படகுத்துறை வரைக்கும் ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அண்ணன் படுக்க மாட்டேன் என்றதால், அதன் மேலேயே நிமிர்ந்து உட்காரவைத்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டி, மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மீட்புப் படகு சின்னது. ஏரியில் அலை எழும்பியிருந்தது.

"கூட ஒருத்தர்தான் வரலாம்," என்றார் படகோட்டி. "இந்தக் காத்துல பாரம் ஏத்த முடியாது."

"நான் போறேன் அண்ணி," என்றாள் வாலு. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். துறையின் விளக்கு அதற்குள் போட்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் அண்ணியின் முகத்தில் கோபத்தையும் காணோம், அழுகையையும் காணோம். கணக்குப் போட்டு முடித்தவள் முகம் மாதிரி இருந்தது.

"வேண்டாம். நான் போறேன். எனக்கு அவர்கிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு."

"அண்ணி, நீங்கதானே இன்னிக்கு வேண்டாம்னு..."

அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. படகில் ஏறி, அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவன் முதுகைத் தன் மார்பில் தாங்கிக்கொண்டாள். மோட்டார் இரைந்தது. அண்ணன் வாலுவைப் பார்த்துக் கையை உயர்த்தினான். பாதிதான் உயர்ந்தது. மழை அவர்களை மறைத்துவிட்டது.

மேல் மாடி அறைகளில் குழந்தைகள் அழுதன. ஈரத் துணிகள் படிக்கட்டுக் கம்பி முழுக்கத் தொங்கின. பள்ளத்தாக்கில் செல்போன் எதுவும் எடுக்கவில்லை. விடுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பழைய போன்தான் வேலை செய்தது. அதன் நம்பரைக் காவலர் அண்ணியிடம் எழுதிக் கொடுத்திருந்தார். வாலு அதன் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். யாராவது பேச வந்தால், "சீக்கிரம் முடிச்சுடுங்க" என்று கெஞ்சினாள்.

அண்ணி என்ன சொல்லியிருப்பாள்? அங்கே மூச்சுக்குத் திணறுகிறவனிடம், உன் தங்கை கைவிட்டுவிட்டாள் என்றா? சொல்லட்டும் என்றும் தோன்றியது. தன் வாயால் சொல்ல வேண்டிய பாரம் குறையும் என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே நன்றாக இருட்டி வெகுநேரம் கழித்துப் போன் அடித்தது.

"வாலு." அண்ணன் குரல். தேய்ந்திருந்தது, ஆனால் வாக்கியம் உடையவில்லை. "போட்டுட்டாங்க. மெஷின் ஓடுது. நர்ஸ் போன்லேர்ந்து பேசறேன். பயப்படாதே."

வாலு ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு?"

"பரவால்ல. திணறல் குறையுது." கொஞ்சம் நிறுத்தினான். "அருவிக்குப் போனப்ப உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?"

"ஏன் அண்ணா?"

"இங்க வந்ததுலேர்ந்து உங்க அண்ணி ஒரே பிடியா நிக்கறா. உன்கிட்டேர்ந்து வாங்கிக்க வேண்டாமாம். வேற ஆள் பாக்கலாமாம், வரிசையில பேர் கொடுத்துக் காத்திருக்கலாமாம். ஏன்னு கேட்டா, 'வாழ்நாள் பூரா உங்க தங்கச்சி முன்னாடி தலைகுனிஞ்சு நிக்க என்னால முடியாது'ங்கறா."

வாலு போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இவ்வளவு வருஷம் கூட இருந்தும், இவளுக்குள்ள இப்படி ஒரு மனசு இருக்குன்னு எனக்குத் தெரியல. நான் இங்க இந்த நிலைமையில கிடக்கறேன், இவளுக்குத் தன் வீம்பு பெருசாப் போச்சு." அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "நீ மனசுல வெச்சுக்காதே. அவ சொல்றதை விட்டுத் தள்ளு. நீ கொடுக்கறே, நான் வாங்கிக்கறேன், இதுல அவ யாரு? இனிமே இவகிட்ட எனக்குப் பேச்சே கிடையாது."

கல்லாவில் இருந்தவர் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். இரண்டு பேர் போனுக்காகக் காத்து நின்றார்கள்.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணி வேண்டாம் என்றாள், அதனால் நடக்கவில்லை. சொந்தக்காரர்கள் அண்ணியைப் பேசுவார்கள். அண்ணன் அண்ணியிடம் முகம் கொடுக்க மாட்டான். வாலுவை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அண்ணி படகில் ஏறியது இதற்குத்தான்.

"அண்ணா, அண்ணி சொன்னது பொய்."

"என்னது?"

"வேண்டாம்னது அவங்க இல்ல. நான்தான். என்னால கொடுக்க முடியாதுன்னு இன்னிக்கு அருவிகிட்ட சொன்னேன். அதுக்குத்தான் அவங்க பழியைத் தன் மேல போட்டுக்கறாங்க."

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வாலு அவன் மூச்சைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"அண்ணா?"

போன் எதன் மேலோ விழுந்தது. படுக்கைத் துணி உரசியது. பிறகு பல் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஒலிக்கிற அந்தத் தாழ்ந்த குரல்.

"வாலு, இவர் திடீர்னு போனைக் கீழ போட்டுட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார். நீ என்ன சொன்னே?"